லினக்ஸில் மவுஸ் செட்டிங்ஸ்: கடலூர், புதுச்சேரி பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 ஏறாத பழைய கணினிகள் நம் பக்கம் நிறைய உண்டு. அவற்றில் பலவற்றில் இப்போது லினக்ஸ் வகை இயங்குதளங்களான லினக்ஸ் மின்டோ உபுண்டுவோ ஓடுகிறது. மாறியவர்கள் முதல் வாரத்தில் கேட்பது பெரும்பாலும் மவுஸைப் பற்றித்தான். பிரிண்டர், தமிழ் டைப்பிங் எல்லாம் அப்புறம் வருகின்றன. கை பழகிய வேகம் மாறிப்போனால் கணினியே வேற்று ஆள் மாதிரி தெரியும். இதைச் சின்ன விஷயம் என்று ஒதுக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. நாள் முழுக்கக் கையில் இருக்கிற பொருள் அது.

படிப்பதற்கு முன் ஒன்று. கட்டளைகளையும் மெனுப் பெயர்களையும் உச்சரிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில், அதாவது கட்டளை எழுதும் ஜன்னலில், அடிக்கும்போது ஆங்கிலச் சின்ன எழுத்துகளில் அடியுங்கள்.

எதிலிருந்து ஆரம்பிப்பது? எதை மாற்றினாலும் சரியாக வரவில்லை.

மாற்றுவதற்கு முன்னால் கோளாறு எங்கே என்று பாருங்கள். மவுஸ் பிரச்சினை நான்கு இடங்களில் ஒன்றில்தான் இருக்கும். ஒன்று, மவுஸ் என்கிற பொருள். அடுத்தது, அது அனுப்புவதைப் படித்துப் புரிந்துகொள்கிற லிப்இன்புட் என்ற மென்பொருள். அதற்கு மேலே டெஸ்க்டாப்பின், அதாவது மெனு, ஐகான் எல்லாம் தரும் மென்பொருளின், செட்டிங்ஸ். கடைசியாக நீங்கள் திறந்து வைத்திருக்கும் செயலி. குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் மோட்டாரா, தொட்டியா, பைப்பா என்று பார்ப்போமே, அதே வழிதான்.

சோதிக்கச் சுலபமான வழி இருக்கிறது. பக்கத்து வீட்டு மவுஸை வாங்கி உங்கள் கணினியில் போடுங்கள். கோளாறு போய்விட்டால் குற்றம் மவுஸில். அப்படியே இருந்தால், ஒரு செயலியில் மட்டும் வருகிறதா, எல்லாவற்றிலும் வருகிறதா என்று பாருங்கள். இந்த இரண்டையும் செய்துவிட்டு வருகிறவர்களுக்கு ஐந்து நிமிடத்தில் பதில் சொல்லிவிடலாம்.

மவுஸ் செட்டிங்ஸ் எங்கே இருக்கிறது?

டெஸ்க்டாப்பைப் பொறுத்தது. உபுண்டுவில் இருப்பது க்னோம். அதில் செட்டிங்ஸைத் திறந்து 'மவுஸ் அண்ட் டச்பேட்' என்ற பக்கத்துக்குப் போங்கள். மின்டில் பொதுவாக இருப்பது சின்னமன். அதன் சிஸ்டம் செட்டிங்ஸிலும் ஹார்ட்வேர் பகுதியில் அதே பெயரில் இருக்கும். எக்ஸ்எஃப்சிஇயில் 'டிவைசஸ்', 'பிஹேவியர்', 'தீம்' என்று டேப் டேப்பாகப் பிரித்து வைத்திருப்பார்கள். கேடிஇ பிளாஸ்மாவில் ஒவ்வொரு மவுஸையும் மேலே தேர்ந்தெடுத்துத் தனித்தனியாக அமைக்கலாம். ஒரே கணினியில் இரண்டு மவுஸ் வைத்து வேலை செய்பவருக்கு இது பெரிய வசதி. க்னோமில் மவுஸ் எத்தனை இருந்தாலும் ஒரே அமைப்புதான்.

புதுச்சேரியில் ஃபிளெக்ஸ் பேனர் டிசைன் செய்கிறேன். புள்ளி வைக்கப் போனால் கர்சர் தாண்டி ஓடிவிடுகிறது. வேகத்தைக் குறைத்தால் திரையின் மறுமுனைக்குப் போகவே மாட்டேன் என்கிறது. என்ன செய்வது?

இங்கே இரண்டு விஷயம் கலந்திருக்கிறது. வேகம் ஒன்று, ஆக்சிலரேஷன் இன்னொன்று. பலர் வேகத்தின் ஸ்லைடரை மட்டும் இழுத்து இழுத்துப் பார்த்துக் களைத்துப்போகிறார்கள்.

லிப்இன்புட்டில் முக்கியமாக இரண்டு முறைகள் உண்டு. 'அடாப்டிவ்' என்பது உங்கள் கையின் வேகத்தைப் பார்த்துக் கர்சரை நகர்த்துவது. மெதுவாக நகர்த்தினால் கர்சர் குறைவாகப் போகும். அதே தூரத்தை விசுக்கென்று இழுத்தால் கூடுதலாகப் போகும். 'ஃபிளாட்' என்பதில் கை எந்த வேகத்தில் போனாலும் கணக்கு மாறாது. இத்தனை சென்டிமீட்டர் நகர்த்தினால் இத்தனை பிக்சல், அவ்வளவுதான்.

மெயில் பார்ப்பது, கணக்கு எழுதுவது, படம் பார்ப்பது போன்ற வேலைகளுக்கு அடாப்டிவ் நன்றாகவே இருக்கும், மணிக்கட்டை அதிகம் ஆட்ட வேண்டியதில்லை. உங்கள் வேலை அப்படி இல்லை. ஒருவர் படத்தை வெட்டி எடுக்கத் தலைமுடி ஓரத்தில் புள்ளி புள்ளியாக வைத்துக்கொண்டு போகிறீர்கள். ஐந்து புள்ளி மெதுவாக வைக்கிறீர்கள், ஆறாவதைக் கொஞ்சம் அவசரமாக வைக்கிறீர்கள், அந்த இடத்தில் அடாப்டிவ் கர்சரைத் தோள்பட்டை வரை தள்ளிவிடும். இன்க்ஸ்கேப், ஜிம்ப், கிரிட்டா போன்ற வரைகலைச் செயலிகளில் வேலை செய்பவர்களுக்கு நான் ஃபிளாட்டைத்தான் சொல்வேன். முதலில் இரண்டு மூன்று நாள் கை தடுமாறும். அதற்குள் திரும்ப மாற்றிவிடாதீர்கள்.

க்னோம் 44 முதல், அதாவது 2023-லிருந்து, மவுஸ் பக்கத்திலேயே 'மவுஸ் ஆக்சிலரேஷன்' என்று ஒரு சுவிட்ச் இருக்கிறது. அதை அணைத்தால் ஃபிளாட். அதற்கு முந்தைய பதிப்பு என்றால் 'ட்வீக்ஸ்' என்ற செயலியை நிறுவி, அதில் மவுஸ் பகுதியில் ஆக்சிலரேஷன் புரொஃபைலை மாற்றுங்கள். கேடிஇயிலும் மவுஸ் பக்கத்திலேயே இருக்கிறது.

ஃபிளாட்டுக்கு மாறிய பிறகு வேகத்தை முடிவு செய்வது மவுஸின் டிபிஐ. ஒரு அங்குலம் நகர்த்தினால் மவுஸ் எத்தனை எண்ணிக்கை அனுப்புகிறது என்பது அந்த எண். ஸ்லைடர் நடுவில் இருக்கும்போது ஒரு எண்ணிக்கைக்கு ஒரு பிக்சல். ஆக 1920 பிக்சல் அகலத் திரையைக் கடக்க 800 டிபிஐ மவுஸை 2.4 அங்குலம், அதாவது சுமார் 6 சென்டிமீட்டர் நகர்த்த வேண்டும். 1600 டிபிஐ என்றால் 3 சென்டிமீட்டர் போதும். புள்ளி வைக்கும் வேலைக்கு 800 பக்கம் வசதி.

மவுஸின் மேலே, வீலுக்குப் பின்னால் ஒரு சின்ன பட்டன் இருந்தால் அது பெரும்பாலும் டிபிஐ பட்டன். மேசையைத் துடைக்கும்போது அது அழுந்திவிட்டால் திடீரென்று கர்சர் பறக்கும். 'நேற்று வரை நன்றாக இருந்தது, இன்று தானாக மாறிவிட்டது' என்று சொல்பவர்கள் முதலில் அந்தப் பட்டனை ஒருமுறை அழுத்திப் பார்க்கட்டும்.

இணையத்தில் பார்த்து ஒரு கட்டளை கொடுத்தேன். வேலை செய்தது. கணினியை அணைத்துப் போட்டால் பழையபடி ஆகிவிடுகிறது.

நீங்கள் கொடுத்தது அநேகமாக 'எக்ஸ்இன்புட்' கட்டளை. அது அப்போதைக்கு மட்டும் அமைப்பை மாற்றும். லாக்அவுட் செய்தாலோ, மவுஸைக் கழற்றி மாட்டினாலோ போய்விடும். முடிந்தவரை டெஸ்க்டாப்பின் செட்டிங்ஸிலேயே மாற்றுங்கள், அது நிலைக்கும். அங்கே இல்லாத ஒன்று வேண்டுமென்றால் இரண்டு வழி. அந்தக் கட்டளையை டெஸ்க்டாப்பின் 'ஸ்டார்ட்அப் அப்ளிகேஷன்ஸ்' பட்டியலில் சேர்த்துவிடலாம். இல்லையென்றால் ஈடிசி ஃபோல்டருக்குள் எக்ஸ்11 ஃபோல்டரில் (இதில் மட்டும் எக்ஸ் பெரிய எழுத்து) உள்ள எக்ஸ்ஆர்க்-கான்ஃப்-டி (xorg.conf.d) என்ற இடத்தில், இன்புட்கிளாஸ் பகுதி கொண்ட ஒரு சிறிய ஃபைல் எழுதி வைக்கலாம். இரண்டாவது வழிக்கு நிர்வாகி கடவுச்சொல் வேண்டும், அது கணினியில் உள்ள எல்லாப் பயனருக்கும் பொருந்தும்.

இந்த வழிகள் எல்லாம் எக்ஸ்11-க்கு மட்டும் (எக்ஸ்11, வேலண்ட் என்றால் என்ன என்பது அடுத்த கேள்வியில்). வேலண்டில் எக்ஸ்இன்புட் கட்டளை உங்கள் மவுஸின் பெயரையே காட்டாது, எக்ஸ்வேலண்ட் என்று தொடங்கும் ஏதோ ஒரு பொதுப் பெயரைத்தான் காட்டும். பழைய குறிப்புகளைப் பார்த்து அரை நாளைத் தொலைப்பவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான்.

எக்ஸ்11, வேலண்ட் என்றால் என்ன? என்னிடம் இருப்பது எது?

இரண்டுமே திரையில் ஜன்னல்களைக் காட்டி, மவுஸும் கீபோர்டும் அனுப்புவதைச் செயலிகளுக்குக் கொண்டுசேர்க்கும் ஏற்பாடுகள். எக்ஸ்11 பழையது, வேலண்ட் புதியது. க்னோமில் செட்டிங்ஸில் 'அபவுட்' பக்கத்துக்குப் போய் 'சிஸ்டம் டீடெய்ல்ஸ்' என்பதைத் திறந்தால் 'விண்டோயிங் சிஸ்டம்' என்ற வரியில் எழுதியிருக்கும். உபுண்டு 25.10-இல் க்னோமுக்கு வேலண்ட் மட்டும்தான். மின்டின் சின்னமனில் நீங்களாக லாகின் திரையில் மாற்றாதவரை எக்ஸ்11.

இணையத்தில் ஒரு தீர்வைப் படித்தால், அது எதற்கு எழுதப்பட்டது என்பதை முதலில் பாருங்கள்.

ஒரு முறை அழுத்தினால் இரண்டு முறை அழுத்தியதாக எடுத்துக்கொள்கிறது. ஃபோல்டரைத் தேர்ந்தெடுக்கப் போனால் திறந்துவிடுகிறது. ஃபைலை இழுத்தால் பாதி வழியில் விழுந்துவிடுகிறது. எந்த செட்டிங்கை மாற்ற வேண்டும்?

செட்டிங் மாற்றி இது சரியாகாது. மவுஸின் பட்டனுக்கு அடியில் இருக்கும் மைக்ரோ சுவிட்ச் தேய்ந்துவிட்டது. உள்ளே மெல்லிய உலோகத் தகடு ஒன்று அழுத்தும்போது கீழே தொட்டு, விட்டதும் மேலே எழும்ப வேண்டும். தகடு தளர்ந்தாலோ, தொடும் முனையில் களிம்பு ஏறினாலோ, ஒரே அழுத்தலில் தொட்டு, விலகி, மறுபடி தொடும். தேவனாம்பட்டினம், முதுநகர், புதுச்சேரியில் குருசுக்குப்பம் மாதிரி கடலை ஒட்டிய இடங்களில் உப்புக் காற்றும் ஈரமும் சேர்ந்து இதை விரைவுபடுத்தும். கடற்கரையோரத்து வீட்டில் இரும்புக் கதவு என்ன ஆகிறது என்று பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள 'ஈவிடெஸ்ட்' என்ற சின்னக் கருவி இருக்கிறது. நிறுவிக்கொண்டு, நிர்வாகி அனுமதியோடு டெர்மினலில் ஓட்டுங்கள். கணினியில் இருக்கும் உள்ளீட்டுக் கருவிகளின் பட்டியல் எண்ணோடு வரும். உங்கள் மவுஸின் எண்ணை அடித்து என்டர் தட்டுங்கள். இப்போது மவுஸைக் கொஞ்சம் ஆட்டினாலும் திரையில் வரிகள் மளமளவென்று ஓடும். அதனால் கையை அசைக்காமல், இடது பட்டனை ஒரே ஒருமுறை நிதானமாக அழுத்தி விடுங்கள். 272 என்ற எண்ணோடு இடது பட்டனுக்கான வரிகள் வரும். அழுத்தும்போது கடைசியில் 1, விடும்போது 0. நல்ல மவுஸில் ஒரு 1, ஒரு 0, அத்தோடு சரி. தேய்ந்த மவுஸில் 1, 0, 1, 0 என்று வரும். ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் நேரம் இருக்கும், புள்ளிக்குப் பின்னால் ஆறு இலக்கத்தோடு. முதல் 0-க்கும் அடுத்த 1-க்கும் இடையே சில மில்லிசெகண்டுதான் இருக்கிறது என்றால், எந்த மனித விரலும் அவ்வளவு வேகமாக இரண்டு முறை அழுத்த முடியாது. சுவிட்ச்தான் குற்றவாளி.

பத்து இருபது தடவை அழுத்திப் பாருங்கள். இந்தக் கோளாறு ஒவ்வொரு அழுத்தலிலும் வராது.

லிப்இன்புட் இதைத் தானாகவே ஓரளவு வடிகட்டுகிறது. மிகக் குறுகிய இடைவெளியில் வரும் போலி அழுத்தல்களைத் தள்ளிவிடும். அதையும் மீறி உங்களுக்கு இரட்டைக் கிளிக் வருகிறது என்றால் தேய்மானம் முற்றிவிட்டது. டபுள் கிளிக் நேரத்தைக் குறைத்து வைத்துச் சமாளிக்கச் சொல்வார்கள். செய்யாதீர்கள். உண்மையான டபுள் கிளிக்கும் வராமல் போகும், இழுக்கும்போது விழுவதும் நிற்காது.

சாதாரண மவுஸ் என்றால் புதிதாக வாங்கிவிடுங்கள். விலை கூடிய மவுஸ் என்றால், சால்டரிங் தெரிந்த சர்வீஸ் கடையில் மூன்று கால் உள்ள அந்தச் சுவிட்சை மட்டும் மாற்றித் தரச் சொல்லுங்கள். அது சின்ன வேலைதான். ஒரு சுவிட்சுக்காக நல்ல மவுஸைக் குப்பையில் போடுவது எனக்குப் பொறுக்கவில்லை.

அப்பாவுக்கு எழுபது வயதுக்கு மேல். கை லேசாக நடுங்குகிறது. டபுள் கிளிக் செய்யப் போனால் ஐகான் நகர்ந்துவிடுகிறது. பேரன் அமெரிக்காவிலிருந்து அனுப்பும் படத்தைப் பார்க்கக்கூட ஆள் வேண்டியிருக்கிறது.

இதற்கு லினக்ஸில் நல்ல வசதிகள் இருக்கின்றன, யாரும் எடுத்துச் சொல்வதில்லை என்பதுதான் குறை.

முதலில் டபுள் கிளிக் நேரம். க்னோமில் இரண்டு அழுத்தலுக்கு நடுவே 400 மில்லிசெகண்டு வரை பொறுக்கும். வயதானவருக்கு இது போதாது. செட்டிங்ஸில் 'அக்சசிபிலிட்டி', அதில் 'பாயின்டிங் அண்ட் கிளிக்கிங்' பக்கத்தில் இந்த நேரத்தைக் கூட்டலாம். சின்னமனிலும் எக்ஸ்எஃப்சிஇயிலும் மவுஸ் பக்கத்திலேயே இருக்கிறது. அப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்து, அவர் கையாலேயே சோதித்து, அவருக்கு எது தோதோ அங்கே நிறுத்துங்கள். நீங்கள் உங்கள் கையால் சோதித்து வைத்துவிட்டுப் போனால் பயனில்லை.

அடுத்தது ஐகான் நகர்வது. அழுத்திக்கொண்டே சில பிக்சல் நகர்ந்தால் 'இழுக்கிறார்' என்று டெஸ்க்டாப் நினைத்துக்கொள்கிறது. க்னோமில் அந்த எல்லை 8 பிக்சல். நடுங்கும் கைக்கு 8 ஒன்றுமே இல்லை. சின்னமனிலும் எக்ஸ்எஃப்சிஇயிலும் இதைக் கூட்ட 'த்ரெஷோல்ட்' என்ற இடம் மவுஸ் பக்கத்தில் இருக்கிறது. 20 வரை தாராளமாகக் கூட்டுங்கள்.

இன்னும் நல்ல வழி, டபுள் கிளிக்கையே விட்டுவிடுவது. ஃபைல் மேனேஜரின் பிரிஃபரன்சஸில் ஒரே கிளிக்கில் திறக்கும்படி வைக்கலாம். செல்போனில் ஒரு தட்டில் திறந்து பழகியவருக்கு இது இயல்பாக வரும். அப்படியே கர்சரின் அளவையும் ஒரு படி பெரிதாக்குங்கள், அதுவும் அக்சசிபிலிட்டியில், 'சீயிங்' பக்கத்தில் இருக்கிறது. கர்சர் எங்கே போனது என்று தேடுபவர்களுக்கு க்னோமில் 'லொகேட் பாயின்டர்' என்றொரு வசதி உண்டு, கன்ட்ரோல் விசையைத் தட்டினால் கர்சரைச் சுற்றி வளையம் விரியும். கேடிஇ பிளாஸ்மா 6-இன் புதிய பதிப்புகளில் மவுஸை வேகமாக ஆட்டினாலே கர்சர் பெரிதாகிக் காட்டும்.

மகளுக்கு இடது கைப் பழக்கம். மாற்றி வைத்தால் எனக்குக் குழம்புகிறது.

க்னோமில் 'பிரைமரி பட்டன்' என்பதை 'ரைட்' ஆக்குங்கள். மற்றவற்றில் 'லெஃப்ட் ஹேண்டட்' என்றிருக்கும். இந்த அமைப்பு ஒவ்வொரு பயனர் கணக்குக்கும் தனி. ஆகவே மகளுக்கென்று ஒரு கணக்கு தொடங்கிவிடுங்கள், இருவருக்கும் தொல்லை இல்லை. லேப்டாப் என்றால் க்னோமில் டச்பேடின் பட்டன்களும் சேர்ந்து மாறும், திகைக்க வேண்டாம். மவுஸ் வாங்கும்போது இரண்டு பக்கமும் ஒரே வடிவில் உள்ளதாகப் பாருங்கள். வலது கைக்கென்று வளைத்துச் செய்த மவுஸை இடது கையில் பிடித்தால் மணிக்கட்டு வலிக்கும். வலது கையால் பிடி என்று குழந்தையைக் கட்டாயப்படுத்தவே வேண்டாம், கணினி மாறிக்கொள்ளும்.

லிப்ரேஆபிஸில் மனு டைப் செய்துகொண்டிருக்கும்போது நடுவில் சம்பந்தமில்லாத வரிகள் வந்து விழுகின்றன. வைரஸா?

வைரஸ் இல்லை. லினக்ஸில் எதையாவது மவுஸால் தேர்ந்தெடுத்தாலே அது ஒரு தனி நினைவில் காப்பி ஆகிவிடும். ஸ்க்ரோல் வீலை அழுத்தினால் அது கர்சர் இருக்கும் இடத்தில் பேஸ்ட் ஆகும். எக்ஸ்11 காலத்திலிருந்து வரும் வழக்கம். நீங்கள் உருட்டும்போது விரல் கொஞ்சம் அழுந்திவிடுகிறது, முன்பு எங்கோ தேர்ந்தெடுத்த வரி வந்து விழுகிறது.

பழகிக்கொண்டால் மிகவும் உதவும் வசதி இது, கன்ட்ரோல் சியும் வியும் இல்லாமலே வேலை முடிந்துவிடும். ஆனால் பட்டா மனுவும் சான்றிதழும் டைப் செய்து தரும் கடையில் இது ஆபத்து. ஒருவர் ஆதார் எண் இன்னொருவர் மனுவில் போய் உட்கார்ந்தால் என்ன ஆகும்? அங்கே அணைத்து வைப்பதுதான் சரி. க்னோமில் ட்வீக்ஸ் செயலியில் 'மிடில் கிளிக் பேஸ்ட்' என்பதை அணையுங்கள்.

வீலை ஒரு பல் உருட்டினால் இரண்டு மூன்று வரிதான் நகர்கிறது. கூட்ட முடியுமா?

கேடிஇயில் வேலண்டில் இருந்தால் 'ஸ்க்ரோலிங் ஸ்பீட்' ஸ்லைடர் இருக்கிறது. க்னோமில் மவுஸ் வீலுக்கு இப்படியொரு ஸ்லைடர் நீண்ட காலமாகவே இல்லை. லிப்இன்புட்டே இதை வேண்டுமென்றுதான் வைக்கவில்லை. வீல் எத்தனை பல் நகர்ந்தது என்று சொல்வதோடு தன் வேலை முடிந்தது, அதற்கு எத்தனை வரி என்பதை மேலே இருப்பவர்கள் முடிவு செய்யட்டும் என்பது அவர்கள் நிலை. நியாயம் இருக்கிறது, ஆனால் நடுவில் தவிப்பது பயனர்.

எக்ஸ்11-இல் 'ஐஎம்வீல்' என்ற கருவி உதவும். பயர்பாக்ஸில் மட்டும் போதும் என்றால் முகவரிப் பட்டையில் 'அபவுட் கான்ஃபிக்' பக்கத்தைத் திறந்து, 'டெல்டா மல்டிப்ளையர் ஒய்' என்று முடியும் மவுஸ்வீல் டிஃபால்ட் அமைப்பைத் தேடுங்கள். அதில் 100 என்றிருப்பதை 200 ஆக்கினால் இரண்டு மடங்கு உருளும்.

திசை தலைகீழாக இருக்கிறது என்றால் 'நேச்சுரல் ஸ்க்ரோலிங்' என்பதை மாற்றுங்கள், வேறொன்றுமில்லை.

வயர்லெஸ் மவுஸ் திக்கித் திக்கி நகர்கிறது. சில நேரம் கொஞ்ச நேரம் தொடாமல் இருந்தால் எழுந்திருக்கவே நேரம் எடுக்கிறது.

இரண்டும் வேறு வேறு கோளாறு. திக்குவது பெரும்பாலும் ரிசீவர் மாட்டிய இடத்தால். யுஎஸ்பி 3.0 போர்ட்டும் கேபிளும் வேலை செய்யும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம் ரேடியோ இரைச்சல் கிளப்பும். இன்டெல் நிறுவனமே 2012-இல் இதை விளக்கி அறிக்கை வெளியிட்டது. வயர்லெஸ் மவுஸ்களும் அதே அலைவரிசையில்தான் பேசுகின்றன. எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் பக்கத்துப் போர்ட்டில் ஓடும்போது மட்டும் மவுஸ் திக்குகிறது என்றால் சந்தேகமே வேண்டாம். ரிசீவரை நீல நிறம் இல்லாத யுஎஸ்பி 2.0 போர்ட்டுக்கு மாற்றுங்கள். அல்லது ஒரு சின்ன யுஎஸ்பி எக்ஸ்டென்ஷன் ஒயரில் மாட்டி மேசை மேல் கொண்டுவந்து வையுங்கள்.

தூங்கிப்போவது மின்சாரச் சிக்கனத்தால். பேட்டரி நீடிக்க என்று 'பவர்டாப்' கருவியின் ஆட்டோ-டியூன் ஓட்டியிருந்தால், அது யுஎஸ்பி கருவிகளைச் சில நொடியில் உறங்கவைக்கும். அதே பவர்டாப்பில் 'டியூனபிள்ஸ்' டேபில் உங்கள் மவுஸின் வரியை மட்டும் 'பேட்', அதாவது மோசம், என்று மாற்றுங்கள். பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், சிக்கனம் இல்லை என்றுதான் பொருள்.

செட்டிங்கைத் தொடும் முன் மேசையையும் பாருங்கள். கண்ணாடி போட்ட மேசையிலும் பளபளக்கும் கிரானைட்டிலும் சாதாரண ஆப்டிகல் மவுஸ் தடுமாறும். அடியில் ஒரு மேட் போட்டாலே பாதிப் புகார் தீரும்.

லேப்டாப்பில் சார்ஜர் மாட்டினால் டச்பேடில் கர்சர் துள்ளுகிறது.

சார்ஜரைக் கழற்றியதும் நின்றுவிடுகிறதா? அப்படியென்றால் எர்த் பாருங்கள். மூன்று பின் பிளக்கை இரண்டு பின் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டினால், அல்லது வீட்டு ஒயரிங்கில் எர்த் சரியில்லை என்றால், சார்ஜரின் மின் இரைச்சல் டச்பேடைக் குழப்பும். லேப்டாப்பின் உலோகப் பாகத்தைத் தொட்டால் லேசாகச் சுருக்கென்று இருந்தால் இன்னும் உறுதி. எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். இது மவுஸோடு முடிகிற விஷயம் இல்லை, வீட்டில் உள்ளவர்களின் பாதுகாப்பு. லினக்ஸில் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

டைப் செய்யும்போது உள்ளங்கை பட்டுக் கர்சர் நகர்வது வேறு. அதற்கு 'டிசேபிள் டச்பேட் வைல் டைப்பிங்' என்பதை இயக்கினால் போதும்.

பக்கவாட்டு பட்டன்களுக்கு வேறு வேலை கொடுக்கலாமா?

கொடுக்கலாம். கேடிஇ பிளாஸ்மா 5.26 முதல் வேலண்டில் செட்டிங்ஸிலேயே செய்யலாம். மற்றவற்றில் 'இன்புட் ரீமேப்பர்' என்ற செயலியை நிறுவுங்கள். கேமிங் மவுஸ் என்றால் 'பைப்பர்' என்ற செயலியில் படத்தோடு பட்டன், டிபிஐ எல்லாம் மாற்றலாம், அமைப்பு மவுஸுக்குள்ளேயே பதிந்துவிடும். உங்கள் மாடல் அதன் ஆதரவுப் பட்டியலில் இருக்க வேண்டும். லாஜிடெக் வயர்லெஸ் வைத்திருப்பவர்களுக்கு 'சோலார்' என்ற செயலி.

மவுஸ் செத்துவிட்டது. கடை காலையில்தான் திறக்கும். இன்றிரவே விண்ணப்பம் அனுப்பியாக வேண்டும்.

உபுண்டுவில் சூப்பர் விசையை, அதாவது விண்டோஸ் படம் போட்ட விசையை, ஒருமுறை தட்டிவிட்டு 'அக்சசிபிலிட்டி' என்று ஆங்கிலத்தில் அடித்து என்டர் தட்டுங்கள். டேப் விசையாலும் அம்பு விசைகளாலும் 'பாயின்டிங் அண்ட் கிளிக்கிங்' பக்கத்துக்குப் போய், 'மவுஸ் கீஸ்' என்பதை ஸ்பேஸ் விசையால் இயக்குங்கள். நம்லாக் அணைந்திருக்கட்டும். இனி எண் பலகையில் 8 மேலே, 2 கீழே, 4 இடது, 6 வலது. 5 அழுத்தினால் கிளிக். கழித்தல் குறியை அழுத்திவிட்டு 5 அழுத்தினால் ரைட் கிளிக். வகுத்தல் குறி மறுபடி இடது பட்டனுக்குக் கொண்டுவரும். மெதுவாகத்தான் போகும், ஆனால் விண்ணப்பம் போய்ச் சேரும். எண் பலகை இல்லாத சின்ன கீபோர்டில் இது நடக்காது, அங்கே டேபும் என்டரும்தான் துணை.

லாகின் திரையில் மட்டும் பழைய வேகமே இருக்கிறதே?

உங்கள் அமைப்பு உங்கள் கணக்குக்குள் போன பிறகுதான் நடைமுறைக்கு வரும். லாகின் திரை தனிப் பயனராக ஓடுகிறது. கடவுச்சொல் அடிக்கும் ஒரு நிமிடத்துக்காக அதை மாற்றப் போக வேண்டாம்.

இத்தனையும் பார்த்தும் சரியாகவில்லை. யாரைக் கேட்பது?

நம் பக்கம் ஆள் இருக்கிறது. புதுச்சேரியில் கட்டற்ற மென்பொருள் வன்பொருள் இயக்கம் இருக்கிறது, விழுப்புரத்தில் லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது. இரண்டிலும் தமிழிலேயே பேசலாம், தயக்கம் வேண்டாம். கேட்கப் போகும்போது ஐந்து தகவலை எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். எந்த லினக்ஸ், எந்தப் பதிப்பு, எந்த டெஸ்க்டாப், எக்ஸ்11-ஆ வேலண்டா, மவுஸின் பெயரும் மாடலும். வேறு மவுஸ் போட்டுப் பார்த்தீர்களா, என்ன ஆனது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். முடிந்தால் அந்த மவுஸையே பையில் போட்டுக்கொண்டு போய்விடுங்கள்.